விஎஃப்டி வாங்கும் முன்: வடசென்னைப் பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் ஒரு முழு வழிகாட்டி

காசிமேட்டுப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் இரண்டு வருடத்துக்குள் மூன்று விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் ஃபிரீக்வென்சி டிரைவ், சுருக்கமாக டிரைவ்) போய்விட்டது. மூன்றும் மூன்று பிராண்டு. ஒவ்வொன்று போகும்போதும் "இந்தப் பிராண்டு சரியில்லை, வேற போடு" என்று மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நான்காவது வாங்கப் போகும்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். செத்துப்போன மூன்று டிரைவின் சர்க்யூட் போர்டையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே மாதிரிப் பச்சை பூத்திருந்தது. பேனல் (டிரைவை வைக்கும் பெட்டி) இருந்தது கம்ப்ரசர் ரூமுக்குள். சூடு தாங்காமல் ட்ரிப் ஆகிறது என்று கதவைத் திறந்து வைத்து, எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேன் போட்டிருந்தார்கள். கடற்காற்றின் உப்பும் பைப் ஜாயின்டில் கசிந்த அம்மோனியாவும் நேராக போர்டின் மேல் அடித்திருக்கின்றன. அம்மோனியாவுக்குச் செம்பு ஆகாது. எந்தப் பிராண்டு போட்டாலும் அங்கே அதே கதிதான்.

அந்த நாளிலிருந்து டிரைவ் வாங்க யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது "பேனல் எங்கே வைக்கப்போறீங்க?" என்பதைத்தான். எத்தனை ஹெச்பி என்பது அப்புறம். திருவொற்றியூர், எண்ணூர், மணலி, காசிமேடு வட்டாரத்தில் டிரைவ் தேர்வு செய்வது கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ செய்வது மாதிரி இல்லை. கேட்லாக் ஒன்றுதான், காற்று வேறு. அதை மனதில் வைத்து, வாங்குவதிலிருந்து ஓட்டிவிடுவது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

டிரைவ் என்ன செய்கிறது என்பது தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வரும் ஏசி கரண்டை டிசியாக்கி, அதை மறுபடி நமக்கு வேண்டிய ஹெர்ட்ஸில் ஏசியாக வெட்டிக் கொடுக்கிறது. நான்கு போல் (காந்த முனை) மோட்டார் 50 ஹெர்ட்ஸில் 1500 ஆர்பிஎம் பக்கம் ஓடும், லோடில் 1440 என்று நேம்ப்ளேட்டில் இருக்கும். 25 ஹெர்ட்ஸ் கொடுத்தால் பாதி வேகம். ஹெர்ட்ஸைக் குறைக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட். இந்த விகிதம் கெட்டால் மோட்டார் சூடேறும், அல்லது இழுக்காது.

படி 1: டிரைவ் நிஜமாகவே வேண்டுமா?

மோட்டார் நாள் முழுக்க முழு லோடில், முழு வேகத்தில்தான் ஓடப்போகிறது என்றால் டிரைவ் போட்டுக் கரண்டு மிச்சமாகாது. டிரைவே 3 சதவீதம் வரை சூடாகத் தின்னும். ஸ்டார்ட்டிங் கரண்டுதான் பிரச்சினை என்றால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போதும், சின்ன மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டாவே போதும்.

மிச்சம் வருவது சென்ட்ரிஃப்யூகல் பம்பிலும் ஃபேனிலும் பிளோயரிலும்தான். வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் அதே விகிதத்தில் குறையும், ஆனால் இழுக்கும் பவர் வேகத்தின் மும்மடிக்குக் குறையும். 40 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 0.8-இன் மும்மடி (0.8 × 0.8 × 0.8), அதாவது 51 சதவீதம். டிரைவ் விற்க வருபவர்கள் இந்த 51-ஐ மட்டும் காட்டி "பாதி பில் மிச்சம்" என்பார்கள். இரண்டு விஷயத்தை விட்டுவிடுவார்கள்.

ஒன்று, நீங்கள் இப்போது வால்வை மூடித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வால்வு பாதி மூடியிருக்கும்போதே மோட்டார் முழுப் பவர் இழுப்பதில்லை. மிச்சத்தைக் கணக்கிட வேண்டியது அந்த ரீடிங்கிலிருந்து, நேம்ப்ளேட்டிலிருந்து அல்ல. கிளாம்ப் மீட்டர் மட்டும் போதாது, பவர் அனலைசர் வைத்து ஒரு முழு ஷிஃப்டு கிலோவாட் எடுங்கள்.

இரண்டாவது, உயரம். 50 ஹெர்ட்ஸில் வால்வை முழுக்க மூடினால் பம்ப் 40 மீட்டர் அழுத்தம் கொடுக்கிறது, டேங்க் 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்குக் குறையும். 25-ஐ 40-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.79. அதாவது 39.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த பம்ப் மேலே ஒரு சொட்டுக்கூட ஏற்றாது, உள்ளே இருக்கிற தண்ணீரைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கும், அவ்வளவுதான். மும்மடிக் கணக்கு அப்படியே பலிப்பது சுற்றிவரும் குளிர்நீர் லைனிலும் ஃபேனிலும்தான். மாடி டேங்குக்கு ஏற்றும் பம்பில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கன்வேயர், மிக்ஸர், எக்ஸ்ட்ரூடர் போன்றவற்றில் டிரைவ் போடுவது வேகக் கட்டுப்பாட்டுக்காக. அங்கே கரண்டு மிச்சத்தைக் காரணம் காட்ட வேண்டியதில்லை. சரக்கின் தரமும் கியர்பாக்ஸின் ஆயுளும் போதுமான காரணம்.

படி 2: லோடு எந்த வகை?

கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியது இது. பம்பும் ஃபேனும் வேகம் குறைந்தால் டார்க்கும் (சுழற்றும் விசையும்) குறைவாகக் கேட்கும். இதற்கு நார்மல் டியூட்டி டிரைவ், அதாவது ஒரு நிமிடத்துக்கு 110 சதவீத ஓவர்லோடு தாங்குவது போதும். கன்வேயர், பிஸ்டன் கம்ப்ரசர், கிரஷர், மிக்ஸர் எல்லாம் எந்த வேகத்திலும் ஒரே டார்க் கேட்கும், கிளம்பும்போது கூடுதலாகவே கேட்கும். இதற்கு ஹெவி டியூட்டி, ஒரு நிமிடத்துக்கு 150 சதவீதம்.

செங்குன்றத்து ரைஸ் மில் ஒன்றில் பக்கெட் எலிவேட்டருக்கு நார்மல் டியூட்டி டிரைவ் போட்டிருந்தார்கள். காலியாக இருக்கும்போது அழகாக ஓடியது. நடுவில் கரண்டு போய், பக்கெட் முழுக்க நெல்லோடு நின்று, மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது ஒவ்வொரு தடவையும் ஓவர்லோடு ட்ரிப். ஆட்களை ஏற்றி நெல்லை வாரிக் கீழே கொட்டித்தான் ஓட்டினார்கள். லோடு பார்க்கும்போது சும்மா ஓடுகிற லோடைப் பார்க்காதீர்கள். நடுவில் நின்று, முழுச் சுமையோடு மறுபடி கிளம்புகிற நிலைமைதான் உங்கள் கணக்கு.

கிரேன் தனி விஷயம். சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டில் காயிலையும் பிளேட்டையும் தூக்குகிற கிரேன்களை நினைத்துக்கொள்ளுங்கள். சுமை கீழே இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். அந்தக் கரண்டு டிரைவுக்குள் திரும்பி வந்து, டிசி பஸ் (டிரைவுக்குள் டிசி நிற்கும் பகுதி) வோல்டேஜை ஏற்றும். 415 வோல்ட் டிரைவில் அது சாதாரணமாக 560 முதல் 590 வோல்ட் இருக்கும். 800 வோல்ட் பக்கம் போனால் டிரைவ் ட்ரிப் ஆகும். அதனால் திரும்பி வரும் கரண்டைச் சூடாக எரித்துவிடும் பிரேக் சாப்பரும் பிரேக் ரெசிஸ்டரும் கட்டாயம். ஹாய்ஸ்டுக்கு (சுமையைத் தூக்கி இறக்கும் மோட்டாருக்கு) என்கோடரோடு (சுழற்சியை அளந்து சொல்லும் கருவி) ஓடும் வெக்டர் கன்ட்ரோல் (டார்க்கை நேராகக் கட்டுப்படுத்தும் முறை) வேண்டும். டார்க் கைக்கு வந்தது என்று டிரைவ் உறுதி செய்த பிறகே மெக்கானிக்கல் பிரேக்கைத் திறக்கும் லாஜிக் வேண்டும். இது இல்லாத டிரைவில் பிரேக் திறந்த கணத்தில் சுமை ஒரு ஜாண் கீழே விழும். கீழே ஆள் நிற்கிற வேலை இது. ஹாய்ஸ்டில் விலை பார்க்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ட்ரிஃப்யூஜ், பெரிய பிளோயர் போன்ற கனமான சுழலும் பாகங்களைச் சீக்கிரம் நிறுத்த வேண்டுமென்றாலும் ரெசிஸ்டர் வேண்டும். மெதுவாக நின்றால் போதுமென்றால் வேண்டாம், நிற்கும் நேரத்தைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடும்.

படி 3: நேம்ப்ளேட்டைப் படியுங்கள்

எழுதிக்கொள்ள வேண்டியவை: கிலோவாட், வோல்ட், முழு லோடு ஆம்பியர், ஹெர்ட்ஸ், ஆர்பிஎம், வைண்டிங் இணைப்பு ஸ்டாரா டெல்டாவா, இன்சுலேஷன் கிளாஸ், டியூட்டி. இவற்றில் ஆம்பியர்தான் தலை.

திருவொற்றியூரில் ஒரு ஃபோர்மேன் கேட்டார், "தம்பி, பத்து ஹெச்பி மோட்டாருக்குப் பத்து ஹெச்பி டிரைவ்தானே? இதுல என்ன யோசனை?" அவர் சொன்ன மோட்டார் எட்டு போல், மெதுவாக ஓடும் அஜிடேட்டர் (கலக்கும் இயந்திரம்). 10 ஹெச்பி, அதாவது 7.5 கிலோவாட், நான்கு போல் மோட்டார் 415 வோல்டில் 14 ஆம்பியர் பக்கம் இழுக்கும். அதே 10 ஹெச்பி எட்டு போலில் பவர் ஃபேக்டர் குறைவு, அதனால் 17 ஆம்பியரைத் தொடும். ஹெச்பி ஒன்றுதான், டிரைவ் ஒன்றல்ல.

போர்வெல்லில் இறங்கும் சப்மெர்சிபிள் மோட்டாரும் இப்படித்தான், அதே ஹெச்பிக்குத் தரைமேல் மோட்டாரைவிட அதிக ஆம்பியர் கேட்கும். அதன் த்ரஸ்ட் பேரிங் தண்ணீர்ப் படலத்தில் மிதக்கிறது, மெதுவான வேகத்தில் அந்தப் படலம் உருவாகாது. எனவே ஓரிரு விநாடிக்குள் 30 ஹெர்ட்ஸை எட்டிவிட வேண்டும், அதற்குக் கீழே நிரந்தரமாக ஓட்டக்கூடாது.

நேம்ப்ளேட் துருப்பிடித்து எழுத்தே தெரியாத மோட்டார் நம் பக்கம் ஏராளம். அப்போது முழு லோடில் ஓடும்போது மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்து, அதற்கு மேல் 15, 20 சதவீதம் இடம் விட்டு எடுங்கள். ரீவைண்டிங் செய்த மோட்டார் என்றால் நேம்ப்ளேட் தெளிவாக இருந்தாலும் அளந்துதான் பார்க்க வேண்டும். கட்டின ஆள் கம்பி கேஜையோ சுற்று எண்ணிக்கையையோ மாற்றியிருந்தால் கரண்டு மாறியிருக்கும்.

படி 4: டிரைவின் ஆம்பியரைப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள்

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரே டிரைவுக்கு இரண்டு ரேட்டிங் போடுவது வழக்கம். ஒரு கம்பெனி ஹெவி டியூட்டி ரேட்டிங்கை வைத்து "7.5 கிலோவாட்" என்று பெயர் வைக்கும். அது நார்மல் டியூட்டியில் 11 கிலோவாட் ஓட்டும். இன்னொரு கம்பெனி நார்மல் டியூட்டியை வைத்து "7.5 கிலோவாட்" என்று சொல்லும். அதை ஹெவி டியூட்டியில் ஓட்டினால் 5.5 கிலோவாட்டுக்குத்தான் ஆகும். இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டாவது மலிவாகத் தெரியும். கொட்டேஷனில் இந்த வரியை எழுதச் சொல்லுங்கள்: "ஹெவி டியூட்டியில் தொடர்ந்து இத்தனை ஆம்பியர், 150 சதவீதம் 60 விநாடி, இத்தனை டிகிரி வெப்பத்தில்." எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கடைசிச் சொல்லான வெப்பம் முக்கியம். பெரும்பாலான டிரைவின் ரேட்டிங் 40 டிகிரி செல்சியஸுக்கு, சில மாடல்கள் 50 வரை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆம்பியரை 1 முதல் 2 சதவீதம் வரை குறைக்கச் சொல்லும் கேட்லாக். 40 டிகிரி என்பது பேனலுக்குள் இருக்கிற சூடு. கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே நிற்கும் மூடிய பேனலுக்குள் 50 தாண்டுவது சாதாரணம். அந்த இடத்துக்கு ஒரு சைஸ் பெரிய டிரைவ் எடுங்கள். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு. இன்று ட்ரிப் ஆகாவிட்டாலும் சூடு உள்ளுக்குள் ஆயுளைத் தின்றுகொண்டுதான் இருக்கும்.

படி 5: காற்று

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நம் வட்டாரக் காற்றில் மூன்று எதிரிகள் இருக்கின்றன. கடலோரம் முழுக்க உப்பு. மணலி பக்கம் கந்தக வாயுக்கள், இவை செம்பையும் வெள்ளியையும் கறுப்பாக்கும். ரிலே கான்டாக்டும் கனெக்டர் பின்னும் முதலில் போகும். மூன்றாவது தூசி: எண்ணூரில் நிலக்கரியும் சாம்பலும், செங்குன்றத்தில் உமி. இவற்றோடு ஈரம் சேரும்போது போர்டின் மேல் படிந்த தூசியே கரண்டு கடத்த ஆரம்பிக்கும். பகலெல்லாம் ஓடிய டிரைவ் இரவு நின்று, விடியற்காலை ஸ்விட்ச் போட்டதும் வெடிக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் குளிர்ந்த போர்டின் மேல் இறங்கிய ஈரம்.

சூட்டை வெளியேற்ற ஃபேன் வேண்டும். ஃபேன் போட்டால் உப்பை உள்ளே இழுக்கும். ஃபேனை அடைத்தால் சூட்டில் சாகும். இந்தச் சிக்கலுக்கு எனக்குத் தெரிந்து நான்கு வழிகள் உண்டு, எனக்குப் பிடித்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலாவது, டிரைவை அந்த இடத்தில் வைக்காமலே இருப்பது. சுவரால் பிரித்த தனி ரூம், கதவில் ரப்பர் பீடிங், ஒரு ஸ்ப்ளிட் ஏசி. ஐஸ் கம்பெனியில் இதைத்தான் செய்தோம். கம்ப்ரசர் ரூமிலிருந்து 18 மீட்டர் தள்ளி, பழைய ஸ்டோர் ரூமில் வைத்தோம். நான்காவதாக வாங்கியது முன்னால் எரிந்த ஒன்றின் அதே மாடல்தான், பூச்சுப் பூசிய போர்டு மட்டும் கூடுதல். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, ஹீட்சிங்க் (சூட்டை வெளியே விடும் உலோகப் பாகம்) பேனலுக்கு வெளியே நிற்கும்படி பின்பக்கத் தகட்டை வெட்டிப் பொருத்துவது. டிரைவின் சூட்டில் பெரும்பகுதி ஹீட்சிங்க் வழியாக வெளியே போய்விடும். போர்டு இருக்கும் பக்கத்தை முழுக்க மூடிவிடலாம். எல்லா மாடலுக்கும் இந்த வசதி இல்லை, வாங்கும் முன் கேளுங்கள்.

மூன்றாவது, ஐபி 55 அல்லது ஐபி 66 டிரைவைச் சுவரில் நேராக மாட்டுவது. தூசிக்கும் தண்ணீர்த் தெறிப்புக்கும் நல்லது, ரைஸ் மில்லுக்கு இதுவே என் யோசனை. ஆனால் ஐபி எண் தூசியையும் தண்ணீரையும் பற்றித்தான் பேசுகிறது, வாயுவைப் பற்றி அல்ல. வாயுவுக்கு வேறு எண் உண்டு, கேட்லாக்கில் 3சி2, 3சி3 என்று பார்க்கலாம். கடலோரத்துக்கும் மணலிக்கும் 3சி3 கேளுங்கள், போர்டின் இரண்டு பக்கமும் பூச்சு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆர்டர் போடும்போதே இது தனி கோடு நம்பர். டிரைவ் வந்த பிறகு நாமே ஸ்ப்ரே அடித்துக்கொள்ளலாம் என்று சிலர் செய்கிறார்கள். கனெக்டருக்குள் ஸ்ப்ரே புகுந்து கான்டாக்ட் விட்டுப்போய் வந்த டிரைவ்களை நான் சர்வீஸ் செய்திருக்கிறேன், செய்யாதீர்கள்.

நான்காவது, ஃபில்டரோடு ஃபேன். வேறு வழியில்லாதபோது மட்டும். காற்றின் அளவுக்கு ஒரு கணக்கு: சூட்டை வாட்டில் எடுத்து 3.1-ஆல் பெருக்கி, அனுமதிக்கும் வெப்ப வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும். 15 கிலோவாட் டிரைவ் 3 சதவீதம் இழந்தால் 450 வாட். 10 டிகிரி வித்தியாசம் அனுமதித்தால் 140 கன மீட்டர். ஃபில்டர் அடைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு மடங்கு ஃபேன் போடுங்கள். ஃபில்டரை வாரம் ஒருமுறை மாற்ற ஆள் இருந்தால்தான் இந்த வழி.

எந்த வழியானாலும் பேனலுக்குள் ஒரு சின்ன ஸ்பேஸ் ஹீட்டர் வைத்து, டிரைவ் நிற்கும்போது அது ஓடும்படி செய்யுங்கள். விடியற்காலை ஈரம் அண்டாது.

பேனலின் உயரமும் இங்கேயே சேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் மணலி, எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கம் எண்ணெயோடு கலந்து வந்தது. தண்ணீரில் நனைந்த போர்டைக் கழுவி, உலர்த்திச் சிலதைக் காப்பாற்றியிருக்கிறேன். எண்ணெய் ஏறியதில் எதையும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வெள்ளக்கோடு உங்கள் சுவரில் இன்னும் தெரிந்தால், டிரைவின் அடிப்பாகம் அதற்கு ஓர் அடி மேலே இருக்கட்டும்.

பெட்ரோலிய, கெமிக்கல் ஆலைகளில் எரியும் வாயு இருக்கக்கூடிய பகுதிக்குள் சாதாரண டிரைவ் வைக்கவே கூடாது. அங்கே ஓடும் ஃப்ளேம்ப்ரூஃப் மோட்டாரின் சான்றிதழில் டிரைவோடு ஓட்டலாம் என்று தனியாக எழுதியிருக்க வேண்டும், வைண்டிங்குக்குள் தெர்மிஸ்டர் இருக்க வேண்டும். இது ஆலையின் பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போட வேண்டிய முடிவு, பேனல் காரர் எடுக்கக்கூடியது அல்ல.

படி 6: உள்ளே வரும் கரண்டு

டிரைவ் கரண்டைச் சீராக இழுக்காது, துண்டு துண்டாக இழுக்கும். அதனால் 5, 7, 11, 13-ஆவது ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் அத்தனை மடங்கில் வரும் வேண்டாத கரண்டு) லைனில் ஏறும். உள்ளே வரும் பக்கம் 3 முதல் 5 சதவீத லைன் சோக் (கம்பிச்சுருள்) போட்டால் இது வெகுவாகக் குறையும். ஈபி லைனில் இடி மின்னலாலும் ஸ்விட்சிங்காலும் வரும் திடீர் வோல்டேஜையும் சோக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். சில டிரைவில் டிசி சோக் உள்ளேயே இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெளியே வாங்குங்கள். கொட்டேஷனில் விலை குறைக்க முதலில் வெட்டப்படுவது இந்தச் சோக்தான். மழைக்காலத்தில் டிரைவ் போன இடங்களில் பெரும்பாலும் அது இருக்காது. கூடவே ஒரு சர்ஜ் அரெஸ்டரும் போடுங்கள்.

கெபாசிட்டர் பற்றி இரண்டு எச்சரிக்கை. மோட்டார் பாக்ஸில் பழைய பவர் ஃபேக்டர் கெபாசிட்டர் தொங்கிக்கொண்டிருந்தால் கழற்றி எறிந்துவிட்டுத்தான் டிரைவை இணைக்க வேண்டும். டிரைவின் அவுட்புட்டில் கெபாசிட்டர் இருந்தால் ஐஜிபிடி (டிரைவுக்குள் கரண்டை வெட்டிக் கொடுக்கும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) முதல் ஸ்டார்ட்டிலேயே போகலாம். மெயின் பேனலில் கெபாசிட்டர் பேங்க் இருக்கிற ஆலையில் டிரைவ்கள் அதிகமானால் ஹார்மோனிக்ஸோடு ரெசோனன்ஸ் (ஒத்ததிர்வு) ஆகி கெபாசிட்டர் வீங்கும். அதற்கு 7 சதவீத டீட்யூண்டு ரியாக்டர் போட்ட பேங்க் வேண்டும்.

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் வீட்டோடு சேர்ந்த சின்ன லேத் பட்டறைகளில் சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கும். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் வாங்கி மூன்று ஃபேஸ் கொடுக்கும் டிரைவ் 2.2 கிலோவாட் வரை எளிதாகக் கிடைக்கும். ஆனால் அது கொடுப்பது 230 வோல்ட் மூன்று ஃபேஸ், 415 அல்ல. நம் ஊர் 3 ஹெச்பி வரையிலான மோட்டார் பொதுவாக 415 வோல்ட் ஸ்டார். அதையே டெல்டாவாக லிங்க் மாற்றினால் 415-ஐ 1.732-ஆல் வகுத்து 240 வோல்ட் மோட்டாராகிவிடும், டிரைவுக்குச் சரியாகப் பொருந்தும். ஆம்பியர் மட்டும் நேம்ப்ளேட்டில் உள்ளதைப்போல் 1.732 மடங்கு, டிரைவை அதற்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். டெர்மினல் பாக்ஸில் ஆறு முனை வந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். மூன்றே இருந்தால் ஸ்டார் உள்ளேயே கட்டியிருக்கிறது, வைண்டிங் கடையில் கொடுத்து வெளியே எடுக்க வேண்டும். லிங்க் மாற்றாமல் ஸ்டாரிலேயே ஓட்டி, "டிரைவ் இழுக்கவே மாட்டேங்குதுண்ணா" என்று வந்த தம்பிகள் நிறைய பேர்.

பெரிய மோட்டாரில் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தால் அதை எடுத்துவிட்டு, மோட்டார் பாக்ஸில் நிரந்தர டெல்டா லிங்க் போட்டு மூன்று ஒயர் மட்டும் டிரைவுக்குக் கொண்டுவாருங்கள்.

எர்த்துக்கு வருகிறேன். உப்பு மண்ணில் எர்த் ரீடிங் நன்றாகவே காட்டும், ஆனால் ஜிஐ பட்டை மண்ணுக்கடியில் அரித்துப்போய் ஒரு நாள் அறுந்துவிடும். டிரைவ் போடும் முன் குழியைத் தோண்டிக் கண்ணால் பாருங்கள். லீக்கேஜ் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிடாதீர்கள். டிரைவின் ஃபில்டர் எர்த்துக்குக் கொஞ்சம் கரண்டு கசியவிடும், அதற்கென்றே 'பி' டைப் பிரேக்கர் இருக்கிறது.

படி 7: டிரைவிலிருந்து மோட்டார் வரை

ஐஜிபிடி வெட்டும் வோல்டேஜ் கேபிளின் நீளத்தில் ஓடி, மோட்டார் முனையில் மோதித் திரும்பும். கேபிள் நீளமானால் மோட்டார் முனையில் டிசி பஸ்ஸின் இரண்டு மடங்கு, 1100 வோல்டுக்கு மேல்கூட வரலாம். புதிதாக டிரைவுக்கென்றே செய்த மோட்டார் தாங்கும். இருபது வருடப் பழைய மோட்டாரோ, சாதாரண எனாமல் கம்பியில் ரீவைண்டிங் செய்ததோ தாங்காது. வைண்டிங் கம்பியின் முதல் இரண்டு சுற்றிலேயே ஷார்ட் ஆகும். மோட்டார் பழசு அல்லது கேபிள் 50 மீட்டருக்கு மேல் என்றால் அவுட்புட் சோக் அல்லது டிவி-டிடி ஃபில்டர் (வோல்டேஜ் சட்டென்று ஏறுவதைத் தணிப்பது) போடுங்கள். போர்வெல் மோட்டாருக்கு எப்போதுமே போடுங்கள். ரீவைண்டிங் கொடுக்கும்போது "டிரைவில் ஓடும் மோட்டார், டூயல் கோட் கம்பி, நல்ல வார்னிஷ்" என்று சொல்லிக் கொடுங்கள். ஆகும் கூடுதல் காசு சொற்பம்.

100 கிலோவாட் பக்கம் போகும் மோட்டாரில் பேரிங் வழியாகக் கரண்டு ஓடி, உள் ரேஸில் (உள் வளையத்தில்) துணி துவைக்கும் கல் மாதிரி வரி வரியாக விழும். அதற்கு ஒரு பக்கம் இன்சுலேட்டட் பேரிங், ஷாஃப்ட்டில் எர்த்திங் பிரஷ்.

கன்வேயர் மாதிரி முழு டார்க் கேட்கும் லோடைத் தொடர்ந்து 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டினால் மோட்டாரின் சொந்த ஃபேன் காற்று போதாது. பின்னால் தனி மோட்டார் வைத்த ஃபேன் பொருத்துங்கள். பம்புக்கு இந்தக் கவலை இல்லை.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கான்டாக்டர் வைத்து ஓட்டத்தில் ஆன் ஆஃப் செய்யக்கூடாது. மோட்டார் கேபிள் ஷீல்டு போட்டது, இரண்டு முனையிலும் எர்த். சென்சார் ஒயரை அதே டிரேயில் போடாதீர்கள், போட்டால் பிரஷர் ரீடிங் ஆடிக்கொண்டே இருக்கும்.

படி 8: பிராண்டும் விலையும்

டான்ஃபாஸ், ஏபிபி, சீமென்ஸ், ஷ்னைடர், யஸ்காவா, மிட்சுபிஷி, ஃபூஜி, டெல்டா எல்லாமே சரியாகத் தேர்ந்தெடுத்து, சரியான இடத்தில் வைத்தால் பத்து வருடம் ஓடும். எனவே என் கேள்விகள் வேறு. பாரிமுனையில் இந்த மாடலின் கூலிங் ஃபேன் நாளைக்கே கிடைக்குமா? சர்வீஸ் ஆள் சென்னையில் இருக்கிறாரா? உங்கள் ஆலையில் ஏற்கெனவே என்ன பிராண்டு ஓடுகிறது? ஐந்து பிராண்டு கலந்து வைத்தால் உங்கள் எலக்ட்ரீஷியன் ஐந்து மெனு கற்க வேண்டும், ஐந்து ஸ்பேர் வாங்கி வைக்க வேண்டும். ஒன்று, அதிகபட்சம் இரண்டில் நின்றுகொள்ளுங்கள்.

செகண்ட்ஹாண்ட் டிரைவ் வாங்கினாலோ, வருடத்துக்கு மேல் பெட்டியில் கிடந்த ஸ்பேரை எடுத்தாலோ நேராக 415 வோல்ட் கொடுக்காதீர்கள். கெபாசிட்டரின் உள்படலம் தளர்ந்திருக்கும். வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்துக் குறைந்த வோல்டேஜிலிருந்து சில மணி நேரம் எடுத்துப் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

படி 9: ஓட்டிவிடுவது

நேம்ப்ளேட் விவரங்களை அப்படியே ஏற்றுங்கள். வெக்டர் மோடு என்றால் முடிந்தால் லோடைக் கழற்றிவிட்டு ஆட்டோட்யூன் (டிரைவே மோட்டாரை அளந்து தெரிந்துகொள்வது) செய்யுங்கள். பம்புக்கும் ஃபேனுக்கும் வி/எஃப் மோடே (வோல்ட்-ஹெர்ட்ஸ் விகிதத்தில் ஓட்டுவது) போதும். ஏறும் நேரம் பம்புக்கு 10 விநாடி, பெரிய ஃபேனுக்கு 30, 60 என்று ஆரம்பித்துப் பாருங்கள். குறைந்தபட்ச ஹெர்ட்ஸை முதல் படியில் போட்ட கணக்குப்படி பூட்டிவிடுங்கள். கேரியர் ஃபிரீக்வென்சி (ஐஜிபிடி கரண்டை வெட்டும் வேகம்) 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ். மோட்டார் சத்தம் போடுகிறது என்று அதை ஏற்றினால் டிரைவ் சூடேறும், ஆம்பியரும் குறையும். ஏதாவது ஒரு ஹெர்ட்ஸில் மட்டும் ஃபேன் அதிர்ந்தால் அந்த ஹெர்ட்ஸைத் தாண்டிப் போகும்படி செட் செய்ய வசதி இருக்கிறது.

ஆட்டோ ரீஸ்டார்ட்டை யோசித்து வையுங்கள். பம்புக்குச் சரி. ஆள் கை வைக்கும் கன்வேயரிலோ மிக்ஸரிலோ கரண்டு வந்ததும் தானாகக் கிளம்பக்கூடாது. எமர்ஜென்சி ஸ்டாப்பை டிரைவின் எஸ்டிஓ (டார்க்கை உடனே துண்டிக்கும்) முனைக்கு நேராக ஒயர் செய்யுங்கள், மெனுவில் செட் செய்வதோடு விட்டுவிடாதீர்கள்.

பேனலைத் திறக்கும் முன் மெயினை அணைத்து, டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் காத்திருங்கள். 5 நிமிடமோ 10 நிமிடமோ, டிஸ்பிளே அணைந்துவிட்டது என்று நம்பாமல் டிசி பஸ்ஸில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

எல்லா பாராமீட்டரையும் கீபேடிலோ லேப்டாப்பிலோ காப்பி எடுத்து, ஒரு பிரின்ட்டும் எடுத்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். முதல் ஒரு மாதம் வாரத்துக்கு ஒருமுறை அவுட்புட் ஆம்பியர், ஹீட்சிங்க் வெப்பம், டிசி பஸ் வோல்டேஜ் மூன்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். கூலிங் ஃபேனை 3 முதல் 5 வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள், நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம். கடலோரப் பேனல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து டார்ச் அடித்து டெர்மினல் ஸ்க்ரூவைப் பாருங்கள். ஸ்க்ரூ தலையில் முதல் பச்சை தெரிந்தால் உப்பு உள்ளே வர ஆரம்பித்துவிட்டது, போர்டுக்குப் போகும் முன் அது எந்த வழியாக வருகிறது என்று அன்றைக்கே தேடி அடையுங்கள்.